காசு வாங்கிய கைக்குப் பொறுப்பில்லையா?

இணையவழிப் பண விளையாட்டுகளையும் அவற்றுக்கான விளம்பரங்களையும் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. அடுத்த சில நாட்களிலேயே ரம்மி விளம்பரங்கள் கைபேசித் திரையிலிருந்து பெருமளவு இறங்கிவிட்டன. ஆனால், அந்த இடம் காலியாகக் கிடக்கவில்லை. ஐந்தே நிமிடத்தில் கடன், பங்குச் சந்தையில் மாதம் இருமடங்கு லாபம், சர்க்கரை நோயை வேரோடு போக்கும் மருந்து, எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாத பந்தயத் தளம் என வேறு சரக்குகள் வந்து உட்கார்ந்துவிட்டன. சரக்குதான் மாறியது, இடத்தை விற்றுக் காசு பார்ப்பவர் மாறவில்லை. அவரை யார் கேட்பது?

மேலூர்ப் பக்கம் நடவுக்குக் காத்திருக்கும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு வேண்டியது ஓர் எண். வைகை அணையில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர்? 71 அடி அணை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை வைத்துத்தான் பெரியாறு பிரதானக் கால்வாயில் எப்போது திறப்பார்கள், முறை வைத்து விடுவார்களா, தொடர்ந்து விடுவார்களா என்று கணக்குப் போட முடியும்.

கைபேசியில் தேடுகிறார். ஏதோ ஒரு செய்தித் தளம் திறக்கிறது. எண் வருவதற்கு முன், ‘அறிவிப்புகள் அனுப்பலாமா?’ என்று ஒரு பெட்டி வருகிறது. அதைத் தாண்டினால் திரை முழுக்க விளம்பரம். மூடுவதற்கான பெருக்கல் குறி மேல் மூலையில் கடுகளவு. அதுவும் ஐந்து நொடி கழித்துத்தான் கண்ணில் படும். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல் அந்தக் குறிக்குப் பக்கத்தில் பட்டால் வேறொரு தளம் திறந்துகொள்ளும். தப்பித்துத் திரும்பி வந்தால் கீழே கேட்காமலே ஒரு காணொளி சத்தமாக ஓடுகிறது. செய்திக்கு நடுவே பச்சை நிறத்தில் ‘பதிவிறக்கு’ என்று ஒரு பொத்தான். அணையின் நீர்மட்டப் பட்டியல் போலிருக்கிறது என்று அழுத்தினால், வந்து இறங்குவது ஒரு கடன் செயலி.

இத்தனைக்கும் அவர் கைக்காசு போட்டு வாங்கிய அன்றாட டேட்டாவில்தான் அந்தக் காணொளி ஓடுகிறது. விளம்பரம் பார்க்கிற செலவும் பார்ப்பவர் தலையிலேயே விழுகிறது.

கண்ணிமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம்

அந்தக் கடன் செயலியின் விளம்பரத்தைச் செய்தித் தளத்தின் ஆசிரியர் தேர்ந்தெடுக்கவில்லை. பெரும்பாலும் அவருக்கே தெரியாது. தளம் தன் பக்கத்தில் ஓர் இடத்தை ஒதுக்கி, விளம்பர நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. வாசகர் பக்கத்தைத் திறந்ததும், அவர் எந்த ஊர்க்காரர், எந்த விலைக் கைபேசி வைத்திருக்கிறார், நேற்று எதைத் தேடினார், எந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார் என்ற விவரங்களோடு அந்த இடம் ஏலத்துக்குப் போகிறது. பக்கம் முழுதாகத் திறப்பதற்குள் ஏலம் முடிந்து, அதிக விலை சொன்னவரின் விளம்பரம் வந்து நிற்கிறது.

“நாங்க பேசிக்கிட்டிருந்ததை போன் ஒட்டுக்கேட்டுருச்சு” என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ‘நகைக்கடன் வட்டி’ என்று ஒருவர் தேடினார், அடகுக்கடை இருக்கும் தெருவில் பத்து நிமிடம் நின்றார், மாதக் கடைசி என்பது நாட்காட்டியிலேயே இருக்கிறது. இந்த மூன்றும் போதும், அவருக்குப் பணமுடை என்று யூகிக்க. யூகம் தப்பினால் நட்டம் சில காசு. பலித்தால் ஒரு வாடிக்கையாளர். ஆசையைத் தூண்டுவது பழைய விளம்பரத்தின் வேலை. இது ஆளின் பலவீனமான நேரத்தையே குறிவைத்து வந்து நிற்கிறது.

போலிப் பங்கு முதலீட்டு மோசடி நடக்கும் விதத்தைக் கேட்டால் இது இன்னும் தெளிவாகும். ஓய்வூதியம் வந்து சேர்ந்திருக்கும் ஒருவரின் சமூக ஊடகப் பக்கத்தில், பெயர்பெற்ற ஒருவரின் முகத்தோடு விளம்பரம் வருகிறது. அழுத்தினால் ஒரு வாட்ஸ்அப் குழு. அங்கே நூறு பேர் தினமும் தங்கள் லாபத்தைப் படம்பிடித்துப் போடுகிறார்கள். அத்தனை பேரும் ஒரே கூட்டத்தின் ஆட்கள். முதலில் ஐயாயிரம் போட்டால் ஆறாயிரமாகத் திரும்பி வரும், எடுத்தும் கொள்ளலாம். நம்பிக்கை வந்த பிறகு லட்சங்கள் போகும். எடுக்கப் போனால் ‘வரி கட்டுங்கள்’ என்பார்கள். அந்த வரியையும் கட்டியவர்கள் உண்டு.

முகத்துக்கு உரியவரே கூட அறியாமல் இது நடக்கும். சச்சின் டெண்டுல்கர் ஒரு விளையாட்டுச் செயலியைப் புகழ்வதுபோலச் செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்ட காணொளி 2024 ஜனவரியில் பரவியபோது, அது போலி என்று அவரே முன்வந்து சொல்ல வேண்டியிருந்தது. இணையக் குற்றங்களில் இந்தியர்கள் 2024இல் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. எல்லாமே விளம்பரத்தால் போன பணம் அல்ல. ஆனால், பல வழக்குகளில் முதல் வாசல் காசு கொடுத்துப் போடப்பட்ட ஒரு விளம்பரம்தான்.

மதுரையிலிருந்து கிளம்பிய வழக்குகள்

தொழில்நுட்ப நிறுவனங்களை ஓர் அரசால், அதுவும் இங்கிருந்துகொண்டு, என்ன செய்துவிட முடியும் என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் கடந்த சில ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கலாம்.

வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கில், 2019 ஏப்ரல் 3 அன்று நீதிபதிகள் என்.கிருபாகரன், எஸ்.எஸ்.சுந்தர் அமர்வு டிக்டாக் செயலியைத் தரவிறக்கத் தடை விதிக்குமாறு மத்திய அரசுக்கு இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. இரண்டு வாரம் ஆவதற்குள் கூகுளும் ஆப்பிளும் தங்கள் இந்தியச் செயலிக் கடைகளிலிருந்து அதை நீக்கின. ஏப்ரல் 24இல் தடை விலக்கப்பட்டது. அந்த இடைவெளியில் நாளொன்றுக்கு 5 லட்சம் டாலர் இழப்பு என்று தாய் நிறுவனம் பைட்டான்ஸ் நீதிமன்றத்தில் முறையிட்டது. அந்தத் தடை சரியா, அவசரப்பட்டதா என்பது தனி விவாதம். ஒத்தக்கடை நீதிமன்ற வளாகத்தில் எழுதப்பட்ட ஓர் உத்தரவு கலிஃபோர்னியாவில் செல்லுபடியானது என்பதை மட்டும் மறுக்க முடியாது.

அடுத்தது ரம்மி. 2020 ஜூலையில் சீட்டாட்டம் தொடர்பான ஒரு முதல் தகவல் அறிக்கையை ரத்துசெய்யக் கோரும் வழக்கு நீதிபதி பி.புகழேந்தி முன் வந்தது. அதை விசாரித்த அவர், தெருவில் சீட்டாடினால் பிடிக்கிற சட்டம் கைபேசியில் ஆடும் ரம்மியைக் கண்டுகொள்ளாமல் இருப்பதைச் சுட்டிக்காட்டி, ஒழுங்குபடுத்தச் சட்டம் தேவை என்று வலியுறுத்தினார். அதே ஆண்டு நவம்பர் 3 அன்று இன்னொரு வழக்கில், இத்தகைய விளையாட்டு விளம்பரங்களில் தோன்றியதற்காக விராட் கோலி, சௌரவ் கங்குலி, பிரகாஷ் ராஜ், தமன்னா, ராணா, சுதீப் ஆகியோருக்கு நோட்டீஸ் அனுப்ப மதுரைக் கிளை உத்தரவிட்டது. டீக்கடை பெஞ்சுவரை அன்றைய பேச்சு அதுதான். கோலிக்கே நோட்டீஸாம்! நடித்தவர்களைப் பற்றி ஊரே பேசியது. திரையில் இடம் கொடுத்து, ஒவ்வொரு அழுத்தலுக்கும் காசு வாங்கியவர்களைப் பற்றிப் பேச்சு அதிகம் எழவில்லை.

அந்த நவம்பர் முடிவதற்குள் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2021இல் அது சட்டமானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 3இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு, மறுபடி அவசரச் சட்டம், மறுபடி மசோதா, ஆளுநர் மாதக்கணக்கில் வைத்திருந்து திருப்பி அனுப்பியது, பேரவை 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் என்று அது ஒரு தனிக் கதை. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றுக்கான தடை செல்லாது என்றது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் என்று விதிமுறைகள் வந்தன. ஜூனில் நீதிமன்றம் அவற்றை ஏற்றது. இரண்டு மாதம் கழித்து மத்தியச் சட்டம் வந்து பண விளையாட்டையே மூடியது. ஆண்டுதோறும் சுமார் 45 கோடிப் பேர் 20,000 கோடி ரூபாய் அளவுக்கு இழக்கிறார்கள் என்பது அப்போது மத்திய அரசு சொன்ன மதிப்பீடு. அந்தச் சட்டத்தை எதிர்க்கும் வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன.

புகழேந்தி உத்தரவிலிருந்து எண்ணினால் ஐந்து ஆண்டுகள். ஒரே ஒரு சரக்குக்கு. கடன் செயலிக்கு இன்னும் ஐந்து, போலி மருந்துக்கு இன்னும் ஐந்து என்று போனால் எந்த நாட்டுக்கும் கட்டுப்படியாகாது.

துரத்துவது சரக்கை, விடுவது கடைக்காரரை

கடன் செயலிகளின் கணக்கைப் பாருங்கள். 2021 ஏப்ரலிலிருந்து 2023 ஆகஸ்ட் வரை 4,700க்கும் மேற்பட்ட மோசடிக் கடன் செயலிகளை கூகுள் தன் கடையிலிருந்து நீக்கியது என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. நல்லது. அத்தனை செயலிகளும் உள்ளே வந்தது எப்படி? அவற்றில் எத்தனைக்கு விளம்பரம் ஓடியது, அந்தப் பணம் யாரிடம் இருக்கிறது? அந்தக் கணக்கை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த நிறுவனங்களின் வாழ்வாதாரமே விளம்பரம்தான். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டாவின் 2024ஆம் ஆண்டு வருவாய் சுமார் 16,450 கோடி டாலர். அதில் 16,060 கோடி டாலர் விளம்பரத்தால் வந்தது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டுக்கு வருவாயில் முக்கால் பங்கு விளம்பரம். ‘நாங்கள் வெறும் மேடை’ என்று இவர்கள் சொல்லும்போது இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2025 நவம்பரில் வெளியிட்ட செய்தி இந்த விவாதத்தையே மாற்றியிருக்க வேண்டும். மெட்டாவின் உள் ஆவணங்களைப் படித்து எழுதப்பட்ட செய்தி அது. 2024 வருவாயில் ஏறக்குறைய 10 சதவீதம், அதாவது 1,600 கோடி டாலர், மோசடி மற்றும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் விளம்பரங்களிலிருந்து வரும் என்று நிறுவனமே உள்ளுக்குள் கணித்திருந்தது. மோசடி என்று பளிச்சென்று தெரியக்கூடிய விளம்பரங்களே நாளொன்றுக்கு 1,500 கோடி முறை பயனர்களுக்குக் காட்டப்படுகின்றன என்றும் அதில் இருந்தது. விளம்பரதாரர் மோசடிக்காரர்தான் என்று 95 சதவீதம் உறுதியானால் மட்டுமே கணக்கை முடக்குவார்கள். அதற்குக் கீழே சந்தேகம் இருந்தால்? கட்டணத்தை உயர்த்துவார்கள். அந்த மதிப்பீடு தோராயமானது, அளவுக்கு மீறி எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டது என்பது மெட்டாவின் பதில். இருக்கட்டும். ஆள் சரியில்லை என்று தெரிந்தே கூடுதல் வாடகைக்கு வீடு விடுகிறவரை நம் ஊரில் என்ன சொல்லுவார்கள்?

சுவரில் உள்ள நியாயம் திரையில் இல்லை

மதுரைக்குச் சுவரொட்டியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காதணி விழாவிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை இங்கே சுவரில்தான் அறிவிப்பு. ஆனால், அந்தச் சுவரொட்டியில் ஒட்டியவர் யார், அழைப்பவர் யார், தாய்மாமன் யார் என்பதெல்லாம் இருக்கும். அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். தேர்தல் துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாவிட்டால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. தெருவில் ஃபிளெக்ஸ் வைக்க அனுமதி வாங்க வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து சுபஸ்ரீ என்ற இளம்பெண் உயிரிழந்தபோது, வைத்தவரை மட்டுமல்ல, அச்சடித்துக் கொடுத்த கடையையும் அதிகாரிகள் தேடிப் போனார்கள்.

கைபேசி விளம்பரத்தில் இந்த அடிக்குறிப்பு இல்லை. யார் போட்டது, எந்த ஊர், எவ்வளவு காசு என்பதெல்லாம் விளம்பரத்தின் மேலேயே தெரிவதில்லை. இரண்டு மூன்று மெனு தாண்டித் தேடினால் ஏதோ ஒரு பெயர் கிடைக்கலாம். மறுநாள் போய்ப் பார்த்தால் விளம்பரமே இருக்காது.

இந்த இடத்தில் அச்சு ஊடகமும் தொலைக்காட்சியும் கையைக் கட்டிக்கொண்டு நல்லபிள்ளையாக நிற்க முடியாது. கிரிக்கெட் பருவத்தில் பந்தய விளையாட்டுகளின் முழுப்பக்க விளம்பரங்களை வாங்கியவர்கள் அவர்களும்தான். ‘விளம்பரங்களின் உண்மைக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்ற வரியை முதலில் கண்டுபிடித்ததும் பழைய ஊடகமே. ஆனாலும், பத்திரிகை விளம்பரத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். போட்டியாளர் பார்க்கிறார், காவல் துறை பார்க்கிறது. கைபேசி விளம்பரத்தை ஏமாறப் போகிறவர் மட்டுமே பார்க்கிறார்.

செய்ய முடியாத வேலையா?

நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் வரும் விளம்பரங்களைச் சரிபார்ப்பது நடக்காத காரியம் என்பது நிறுவனங்களின் வழக்கமான வாதம். அவர்களே ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதால் இந்த வாதம் எடுபடாது.

இந்தியாவில் அரசியல் விளம்பரம் போட வேண்டுமானால் 2019 முதல் அடையாளச் சான்று கொடுக்க வேண்டும். எந்தக் கட்சி, எந்தத் தொகை, எந்த மாநிலத்தில் என்று கூகுள், மெட்டாவின் பொதுப் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். தேர்தல் ஆணையம் கேட்டது, கொடுத்தார்கள். கட்சி விளம்பரத்துக்குச் செய்ததைக் கடன் விளம்பரத்துக்குச் செய்வதில் தொழில்நுட்பச் சிக்கல் என்ன இருக்க முடியும்?

பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025 மார்ச்சில் ஒரு நல்ல காரியம் செய்தது. தன்னிடம் பதிவு பெற்ற நிறுவனங்கள், தன்னிடம் கொடுத்திருக்கும் அதே மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொண்டுதான் இந்தத் தளங்களில் விளம்பரதாரராகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. ரிசர்வ் வங்கியும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் கடன் செயலிப் பட்டியலை 2025 ஜூலையிலிருந்து பொதுவெளியில் வைத்திருக்கிறது. பட்டியல் தயார். பட்டியலில் இல்லாதவரின் விளம்பரத்தை வாங்காதே என்று சொல்வதுதான் பாக்கி.

ஐரோப்பாவில் இதே நிறுவனங்கள் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. அங்குள்ள டிஜிட்டல் சேவைகள் சட்டம் சிறாரைக் குறிவைக்கும் விளம்பரத்தைத் தடுக்கிறது. மிகப் பெரிய தளங்கள் எல்லா விளம்பரங்களையும் ஓர் ஆண்டு வரை பதிவேட்டில் வைத்திருக்கக் கட்டாயப்படுத்துகிறது. பாரிஸ் நகரத்து விளம்பரம் ஓராண்டு கழித்தும் பதிவேட்டில் இருக்கும். மதுரையில் ஓடிய விளம்பரம், அரசியல் சார்ந்ததாக இல்லாவிட்டால், ஓட்டம் நின்றதும் மெட்டாவின் பதிவேட்டிலிருந்து மறைந்துவிடும். புகார் கொடுக்கப் போகிறவரிடம் ஸ்கிரீன்ஷாட் இல்லையென்றால் எதுவும் இல்லை.

சட்டத்தின் முன் ‘நாங்கள் இடைத்தரகர்’ என்ற கேடயம் அவர்களுக்கு உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு அது. யாரோ எழுதும் பதிவுக்கு அந்தப் பாதுகாப்பு தேவைதான். இல்லையென்றால் யாரும் எதுவும் எழுத முடியாது. காசு வாங்கிப் போடும் விளம்பரத்துக்கும் அதே கேடயம் எதற்கு? டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் ஒரு வணிக முத்திரை வழக்கில் இதைத் தொட்டது. விளம்பரத் திட்டத்தில் கூகுள் சும்மா வேடிக்கை பார்ப்பவர் அல்ல, நேரடியாகப் பங்கெடுப்பவர். முத்திரை மீறல் நடந்தால் அந்தப் பாதுகாப்பைக் கோர முடியாது என்றது. பந்தயச் செயலி விளம்பரங்கள் பற்றிய விசாரணையில் அமலாக்கத் துறை 2025 ஜூலையில் கூகுளையும் மெட்டாவையும் அழைத்தது. பாதை தெரிகிறது, நாடாளுமன்றம் அதைச் சட்டமாக எழுதவில்லை.

அரசை நம்பலாமா?

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று வருகிற அரசு, தனக்குப் பிடிக்காத பதிவுகளையும் சேர்த்து அழிக்கப் பார்க்கும். 2021இல் தமிழ்நாட்டின் முதல் சட்டம் ரத்தானதற்குக் காரணமே, சூதாட்டத்தோடு திறமை விளையாட்டுகளையும் ஒட்டுமொத்தமாக மூடியதுதான். ஆகவே, கட்டுப்பாடு பேச்சின் மேல் வரக் கூடாது. பணப் பரிமாற்றத்தின் மேல் வர வேண்டும். யார் என்ன சொன்னார் என்பதை விட்டுவிடலாம். அதைக் கோடிப் பேருக்குக் கொண்டுசேர்க்க யார், யாரிடம், எவ்வளவு கொடுத்தார் என்று கேட்பதில் கருத்துரிமை எதுவும் கெட்டுவிடாது.

சிறு வியாபாரிகளின் கவலையும் நியாயமானது. சுங்குடிச் சேலை விற்கும் ஒரு குடும்பம் இன்ஸ்டாகிராமில் சில நூறு ரூபாய் விளம்பரத்தில் கோவைக்கும் சிங்கப்பூருக்கும் ஆர்டர் எடுக்கிறது. கடைக்கு நேரில் வராத வாடிக்கையாளர் அங்கே கிடைக்கிறார். அந்த வியாபாரியிடம் ஜிஎஸ்டி எண்ணோ, உத்யம் பதிவோ, ஆதாரோ ஏதாவது ஒன்று இருக்கிறது. பெயரைச் சொல்ல அவருக்குத் தயக்கமும் இல்லை. பெயர் தெரிந்தால்தானே வியாபாரம்? பெயர் சொல்லத் தயங்குகிறவர் வேறு ஆள்.

மத்திய அரசின் உறுதியில் வேறொரு சந்தேகம் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களின் இணைய விளம்பர வருவாய்க்கு 2016 முதல் 6 சதவீதச் சமன் வரி இருந்தது. ‘கூகுள் வரி’ என்பார்கள். அமெரிக்க வரி நெருக்கடி சூடுபிடித்த வேளையில், 2025 ஏப்ரல் 1 முதல் அது எடுக்கப்பட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே வந்துவிட்டது. 18 வயதுக்குக் கீழே உள்ளவரைப் பின்தொடர்வதும் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது, மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு மேலும் 18 மாதம் அவகாசம். அதாவது 2027 மே. அதுவரை பத்து வயதுப் பிள்ளை அம்மாவின் கைபேசியில் என்ன பார்த்தாலும் நிறுவனத்துக்கு அவர் அம்மாதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த அபராதம் முழுவதும் அரசின் கருவூலத்துக்குப் போகும். தரவுக் கசிவால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கேட்க இடம்கொடுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்க இதே புதிய சட்டம் வழிசெய்கிறது. பணத்தை இழந்தவர் கையில் எதுவும் வராது.

உடனே செய்யக்கூடியவை

முதல் வேலை, 79ஆம் பிரிவில் ஒரு திருத்தம். காசு வாங்கி வெளியிடும் எதற்கும் இடைத்தரகர் பாதுகாப்பு கிடையாது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். கடன், பங்கு, மருந்து, பந்தயம் ஆகிய நான்கிலிருந்து தொடங்கினாலும் போதும். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம்; எழுபது ஆண்டு பழைய சட்டம் புதிய திரைக்கும் பொருந்தும் என்று நிறுவனங்களுக்கு நினைவூட்ட வேண்டும்.

இந்தியாவில் காட்டப்படும் ஒவ்வொரு விளம்பரத்தின் மேலும் பணம் கட்டியவரின் பெயரும் ஊரும், பார்ப்பவர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். ஐரோப்பாவுக்குக் கொடுக்கும் ஓராண்டுப் பதிவேட்டை இங்கேயும் கொடுக்க வேண்டும். மென்பொருள் ஏற்கெனவே எழுதப்பட்டதுதான். இந்தியாவுக்கும் சேர்த்துத் திறந்துவிட்டால் போதும்.

மோசடி நிரூபணமானால் அந்த விளம்பரத்துக்கு வாங்கிய தொகையை நிறுவனம் வைத்துக்கொள்ளக் கூடாது. பாதிக்கப்பட்டவருக்குப் போக வேண்டும். மோசடி என்று தகவல் கொடுத்த பிறகும் நீக்காமல் விட்டால் முழு இழப்பில் பங்கேற்க வேண்டும். இணையப் பணமோசடி பற்றி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 நவம்பரில் எட்டப்பட்ட உடன்பாடு ஏறக்குறைய இந்தத் திசையில்தான் போகிறது.

பெருக்கல் குறியை ஒளித்துவைப்பதற்கும் செய்தி போல வேடமிட்ட விளம்பரத்துக்கும் புதுச் சட்டம் தேவையில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஏமாற்று வடிவமைப்புகள் 13 வகை என்று பட்டியலிட்டிருக்கிறது. வேடமிட்ட விளம்பரமும் நச்சரிப்பும் அதில் உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இதற்கு வழக்குப் போடலாம் என்பதே பலருக்குத் தெரியாது. மதுரை நுகர்வோர் அமைப்புகளும் சட்டக் கல்லூரி மாணவர்களும் பத்து வழக்கு போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வீட்டளவில் செய்ய இரண்டு காரியம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியின் அமைப்புகளில் கூகுள் என்ற பகுதிக்குப் போய், அதில் ‘விளம்பரங்கள்’ என்பதற்குள் விளம்பர அடையாள எண்ணை நீக்கலாம். விளம்பரம் நிற்காது; ஆளைப் பின்தொடர்வது குறையும். பணம் போய்விட்டால் யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டு இருக்காமல் உடனே 1930 எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.

தமிழ்நாடு அரசு டெல்லியை எதிர்பார்க்காமல் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் என்று ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. பண விளையாட்டே தடைசெய்யப்பட்ட பிறகு அதற்கு வேறு வேலை கொடுக்க இடமிருக்கிறது. மோசடி விளம்பரங்களின் ஸ்கிரீன்ஷாட்டைத் தமிழில் இரண்டு வரியோடு அனுப்ப ஒரு வாட்ஸ்அப் எண்ணை அறிவித்து, வருகிற புகார்களை மாநில சைபர் குற்றப்பிரிவு வழியாக நிறுவனங்களுக்கு அனுப்பச் சொல்லலாம். எந்த நிறுவனத்துக்கு எத்தனை புகார் போனது, எத்தனை மணி நேரத்தில் விளம்பரத்தை நீக்கியது, எத்தனையை நீக்க மறுத்தது என்ற பட்டியலை வாரந்தோறும் நாளிதழ்களுக்குக் கொடுக்கலாம்.